காய்ந்த ஆற்றைப் படிப்பது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆறுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தென்பெண்ணை, வாணியாறு, பாம்பாறு, சின்னாறு, தொப்பையாறு, மார்க்கண்டேய நதி. பேரைச் சொன்னால் ஆறு. போய்ப் பார்த்தால் பல இடங்களில் பாதி வருஷத்துக்கு மணலும் சீமைக்கருவேலமும்தான். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தண்ணீர் இல்லாத நாளில்தான் ஆற்றைப் பார்க்கவே முடியும்.

காரணம் இதுதான். ஆறு மண்ணை அறுப்பது, கல்லை உருட்டுவது, வண்டலைக் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் பெரும்பாலும் வருஷத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ள நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது. அன்றைக்குக் கரையில் நிற்கவே முடியாது. நின்றாலும் கலங்கல் தண்ணீருக்கு அடியில் நடப்பது தெரியாது. மற்ற நாளெல்லாம் அந்த வேலையின் தடயம் வெயிலில் கிடக்கிறது. அதை எந்த வரிசையில் பார்ப்பது, எதை அளப்பது, அளந்ததை வைத்து என்ன கணக்குப் போடுவது என்று கீழே சொல்லியிருக்கிறேன். ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

புறப்படுவதற்கு முன்

முதலிலேயே தென்பெண்ணைக்குப் போகாதீர்கள். ஊருக்குப் பக்கத்தில் ஐந்து முதல் இருபது மீட்டர் அகலத்தில் ஒரு ஓடை இருக்கும். அதில் ஒரு வளைவும் கொஞ்சம் நேரான பகுதியும் சேர்ந்த நூறு மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தடவை மாசி முதல் சித்திரை வரையிலான வெயில் காலத்தில், ஓடை காய்ந்து கிடக்கும்போது போக வேண்டும். இன்னொரு தடவை மழைக்காலத்தில் வெள்ளம் வடிந்து, முழங்காலுக்குக் கீழ் தெளிவாகத் தண்ணீர் ஓடும்போது போக வேண்டும். இரண்டு தடவையும் அதே இடம்தான்.

அளவு டேப், பிளாஸ்டிக் ஸ்கேல், மூடி உள்ள ஒரு லிட்டர் பாட்டில் நாலைந்து, நோட்டு, ஸ்டாப்வாட்ச்சுக்குச் செல்போன். அப்புறம் ஒரு டியூப் லெவல். தண்ணீர் நிரப்பிய அந்த நீள டியூப் எந்தக் கொத்தனாரிடமும் இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை என்று எழுதினால் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். சேர்வராயன் மலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் வாணியாற்றுப் பக்கம் தண்ணீர் திடீரென்று வரும். மலைமேல் மேகம் கறுத்திருந்தால் படுகையில் இறங்க வேண்டாம். அணைக்குக் கீழே இருந்தால் மதகு திறக்கும் அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஓடைகள் பலவும் காப்புக்காட்டுக்குள் ஓடுகின்றன. அங்கே யானை நடமாட்டம் உண்டு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

முதல் படி: வயலில் தொடங்குங்கள், ஆற்றில் அல்ல

ஆற்று வண்டலில் பெரும்பங்கு ஆற்றில் பிறந்தது இல்லை. ஐந்து மி.மீ. குறுக்களவுள்ள பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்குச் சுமார் ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குகிறது. உழுது போட்ட செம்மண்ணில் அது விழுந்ததும் மண்கட்டி உடைந்து, துகள் நாலாபுறமும் தெறிக்கிறது. வீட்டுச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தத் தெறிப்புதான். தெறித்த நுண்மண் தரையின் சிறு துளைகளை அடைத்துவிடும். அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடத் தொடங்குகிறது.

பலத்த மழை பெய்த மறுநாள் காலை, இன்னும் கேழ்வரகு விதைக்காத மேட்டுக்காட்டில் குனிந்து பாருங்கள். புளியங்கொட்டை அளவுச் சிறு கற்கள் ஒவ்வொன்றும் மண்ணாலான ஒரு குட்டித் தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். கல் குடைபிடித்த இடத்து மண் மட்டும் தப்பித்தது, சுற்றியிருந்தது போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் அந்த மழையில் அங்கே போன மண். ஸ்கேலை வைத்து இருபது முப்பது இடத்தில் அளந்து, தூண் நிற்காத இடத்தையும் பூஜ்ஜியமாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் சராசரியாக ஒரு மி.மீ. போயிருந்தாலே நாலு கன மீட்டர், அதாவது ஐந்தாறு டன் மேல்மண். எரு போட்டு வளர்த்த மண்ணும் அதுதான். ஒரு மி.மீ. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

மேலாக ஓடும் தண்ணீர் சேர்ந்து விரல் அகலக் கோடாகிறது, கோடு பள்ளமாகிறது. பள்ளத்தின் தலைப்பகுதியை மட்டும் கவனமாகப் பாருங்கள். அங்கே செங்குத்தாக ஒரு சிறு படி இருக்கும். தண்ணீர் அதன் மேலிருந்து விழுந்து அடியைக் குடைய, மேல்மண் சரிய, படி மேட்டைப் பார்த்து நகரும். ஆக, பள்ளம் வளர்வது மேல்நோக்கி. தண்ணீர் ஓடுவது கீழ்நோக்கி. இதைப் புரிந்துகொண்டால், ஓடையில் கீழே எங்கோ தோண்டிய குழி மேலே உள்ள உங்கள் வரப்பை எப்படித் தின்கிறது என்பதும் புரிந்துவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும் வரப்புப் போடுவதும் தண்ணீருக்கு வேகம் பிடிக்க விடாமல் செய்கிற வேலைகள். கோடை உழவைச் சரிவின் வாக்கிலேயே ஓட்டிவிட்டு, முதல் மழையில் ஓடை செம்மண் குழம்பாக ஓடுகிறது என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

இரண்டாம் படி: சரிவை அளங்கள்

தண்ணீரை ஓட வைப்பது சரிவு, இழுத்துப் பிடிப்பது படுகையின் உராய்வு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர்தான். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணைக்கு வருவதற்குள் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பிலிருந்து இறங்கிவிடுகிறது. அங்கே படுகையில் பாறையும் பெருங்கல்லும் கிடப்பதற்கு இந்த இறக்கம்தான் காரணம். காவேரிப்பட்டணத்துக்குக் கீழே மணல் அதிகமாகும். கடலூரில் கடலைத் தொடும் இடத்தில் கூழாங்கல்லையே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் ஓடையில் அளக்க இரண்டு பேர் போதும். டியூப்பின் ஒரு முனையை மேலே ஒருவரும் மறுமுனையைக் கீழே ஒருவரும் கம்போடு சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து படுகைத் தரை வரை இரு பக்கமும் அளந்தால், இரண்டின் வித்தியாசம்தான் இறக்கம். டியூப் எட்டுகிற தூரம் வரை ஒவ்வொரு துண்டாக நூறு மீட்டருக்கும் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். நூறு மீட்டரில் 50 செ.மீ. இறங்கினால் சரிவு 200க்கு 1, தசமத்தில் 0.005. இந்த எண்ணைக் கட்டம் கட்டி எழுதி வையுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

மலையில் ஆறு வேகமாக ஓடும், சமவெளியில் மெதுவாக ஓடும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மை இல்லை. மலை ஓடை இரைச்சல் போடும், நுரைக்கும். ஆனால் ஆழம் குறைவு, கல்லில் மோதி மோதி வேகத்தை இழக்கிறது. கீழே சரிவு குறைந்தாலும் ஆழம் கூடுகிறது, படுகை வழவழப்பாகிறது. அதனால் சராசரி வேகம் கீழே போகப்போகக் குறையாமல் இருக்கலாம், சில ஆறுகளில் கொஞ்சம் கூடவும் செய்கிறது. அமெரிக்காவின் லூனா லியோபோல்ட் 1953இல் அளவீடுகளோடு இதைக் காட்டினார். அமைதியாகத் தெரிகிற ஆழத் தண்ணீரில் இறங்கி இழுத்துச் செல்லப்படுகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

மூன்றாம் படி: எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது?

ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் தினமும் கேட்கிறோம். அந்த அளவு பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையத்தில் எடுக்கப்படுவது. அதே கணக்கை உங்கள் ஓடையில் ஒரு தேங்காயை வைத்தே போடலாம். மட்டையோடு இருக்கிற சின்னக் காய் நல்லது. முக்கால்வாசி முழுகி மிதக்கும், காற்று அதைத் தள்ளாது.

நேரான பகுதியில் பத்து மீட்டர் அளந்து இரு கயிறு கட்டுங்கள். காயை மேல் கயிற்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டு, இரண்டு கயிற்றுக்கும் இடையில் எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். நடுவில், இரண்டு ஓரத்தில் என்று பல தடவை விட்டுச் சராசரி பாருங்கள். 12.5 வினாடி என்றால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். அடியில் உராய்வு இருப்பதால் முழு ஓட்டத்தின் சராசரி இதைவிடக் குறைவு, 0.85ஆல் பெருக்கினால் 0.68. இனி குறுக்கே கயிறு கட்டி அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் ஆழம் பாருங்கள். அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.4 மீட்டர் என்றால் பரப்பு 2.4 சதுர மீட்டர். 2.4ஐ 0.68ஆல் பெருக்கினால் வினாடிக்கு 1.63 கன மீட்டர், அதாவது 1,630 லிட்டர். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆக உங்கள் ஓடையில் சுமார் 58 கன அடி ஓடுகிறது.

நான்காம் படி: பார்க்காத வெள்ளத்தை அளங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காய்ந்த ஓடையில் கருவேல மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த புல், வைக்கோல், கிழிந்த கேரி பேக் எல்லாம் ஒரே உயரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். கரைகளிலும் அதே மட்டத்தில் சருகுக் கோடு தெரியும். அது கடைசிப் பெரிய வெள்ளம் வந்த உயரம். கிளையில் மாட்டியதைவிடக் கரையில் படிந்த கோடு நம்பகமானது. கிளை வெள்ளத்தில் வளைந்திருந்து, வடிந்தபின் நிமிர்ந்திருக்கலாம் அல்லவா?

அந்தக் கோட்டிலிருந்து குறுக்குவெட்டை அளங்கள். உதாரணத்துக்கு அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர், பரப்பு 40 சதுர மீட்டர். தண்ணீர் தொட்டிருந்த கரை, படுகை, கரை மொத்த நீளம் 24 மீட்டர். பரப்பை இந்த நீளத்தால் வகுத்தால் 1.67. இதை உராய்வு கழித்த ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தந்த சூத்திரத்தை இன்றும் நீர்வளப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள்: அந்த 1.67இன் மூன்றில் இரண்டு அடுக்கு, சரிவின் வர்க்கமூலம், இரண்டையும் பெருக்கி, படுகையின் சொரசொரப்பு எண்ணால் வகுக்க வேண்டும். சுத்தமான மணல் படுகைக்கு அந்த எண் 0.03, கல்லும் கொஞ்சம் புதரும் இருந்தால் 0.04, முட்புதர் மண்டியிருந்தால் 0.06க்கு மேல். நம் கணக்கில் இந்த மூன்றும் முறையே 1.41, 0.0707, 0.04. விடை வினாடிக்கு 2.5 மீட்டர். அதை 40ஆல் பெருக்கினால் 100 கன மீட்டர், சுமார் 3,500 கன அடி. செல்போன் கால்குலேட்டரே போதும். இருபது முப்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. மூன்றாம் படியில் அளந்த 58 கன அடியைப் போல அறுபது மடங்கு தண்ணீர் இதே ஓடையில் போயிருக்கிறது என்று தெரிவதே பெரிய விஷயம்.

இப்போது அந்த வெள்ளம் எந்தக் கல்லை உருட்டியிருக்கும் என்று பாருங்கள். அமெரிக்கரான ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் ஜெர்மனியில் செய்து 1936இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஒரு எளிய கணக்குக் கிடைக்கிறது: ஆழத்தைச் சரிவால் பெருக்கி, விடையை 13ஆல் பெருக்குங்கள். இங்கே 2 x 0.005 x 13 = 0.13 மீட்டர். ஆக 13 செ.மீ. வரை உள்ள கல், ஒரு சின்னத் தேங்காய் அளவு, நகர்ந்திருக்கும். படுகையில் புதிதாகக் குவிந்த கற்களில் பெரியதைத் தேடி அளந்து ஒப்பிடுங்கள். ஏறத்தாழப் பொருந்தினால் உங்கள் கணக்கு சரி. அரை மீட்டர்ப் பாறை நடுவில் கிடந்தால், அது அந்த வெள்ளத்தில் வந்தது இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று முன்னே வந்திருக்கிறது, அல்லது கரையிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறது.

அப்படிப் பெரியது வருவதில்லை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்ளே வந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. இந்த மாவட்டங்களின் வருஷ சராசரியே 80, 90 செ.மீ.தான். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டி வந்தது. பல வருஷம் அசையாமல் கிடந்த கற்கள் அன்றைக்கு இடம் மாறின.

ஐந்தாம் படி: கல்லிடமும் மணலிடமும் திசை கேளுங்கள்

தட்டையான கூழாங்கற்கள் குவிந்த இடத்தில் உட்காருங்கள். அவை சும்மா படுத்திருக்காது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒவ்வொன்றின் கீழ்முனை மேலாற்றுப் பக்கமும், மேல்முனை கீழாற்றுப் பக்கமும் இருக்கும். வெள்ளம் கல்லைப் புரட்டிப் புரட்டி, இனிமேல் புரட்ட முடியாத கிடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. மணலில் உள்ள சிற்றலைத் தழும்புகளில் மேலாற்றுப் பக்கச் சரிவு நீண்டும், கீழாற்றுப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் இருக்கும். புதருக்குப் பின்னால் மணல் வால் நீண்டிருந்தால், வால் காட்டுவது தண்ணீர் போன திசையை. குவாரி வெட்டிய பள்ளத்தில் பழைய ஆற்றுச் சரளை தெரிந்தால் அங்கும் இதே விதிதான்.

குழியான இடங்களில் காய்ந்து, வெடித்து, ஓரம் சுருண்ட களிமண் ஓடுகள் கிடக்கும். ஒன்றை உடையாமல் எடுத்துத் திருப்புங்கள். அடிப்பக்கம் விரலுக்கு நெறநெறவென்று நுண்மணல், மேல்பக்கம் வழவழவென்று களிமண். வெள்ளம் அடங்கும்போது முதலில் மணலும், கடைசியில் களியும் படிந்த வரிசை அந்த அரை விரல்கட்டை ஓட்டுக்குள் அப்படியே இருக்கிறது. களி அதிகம் சுருங்கும், மணல் சுருங்காது. அதனால்தான் ஓடு மேல்நோக்கிச் சுருள்கிறது.

ஆறாம் படி: பாட்டில் சோதனை

ஆறு சுமக்கும் விதம் நாலு. பெரிய கல் அடியில் உருளும். பருமணல் துள்ளித் துள்ளிப் போகும். வண்டலும் களியும் தண்ணீரோடு கலங்கலாக மிதந்து போகும். உப்பும் சுண்ணாம்பும் கரைந்து, தெளிந்த தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

வெள்ளத்தின்போது பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியால் தண்ணீர் எடுத்து, பாட்டிலில் ஊற்றி ஆடாத இடத்தில் வையுங்கள். மணல் சில வினாடியில் இறங்கிவிடும். வண்டல் சில நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை எடுக்கும். களிமண் மறுநாளும் தொங்கிக்கொண்டிருக்கும். 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் ஆகிறது, 0.002 மி.மீ. களித்துகளுக்கு அதே ஒரு மீட்டருக்கு மூன்று நாள் வேண்டும். ஏரித் தண்ணீர் மழைக்குப் பிறகு வாரக்கணக்கில் செந்நிறமாகவே நிற்பது இதனால்தான்.

தெளிந்த நீரை மெதுவாக வடித்து, படிந்ததைக் காயவைத்து, நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 5 கிராம் வந்தது, ஓடையில் 1,630 லிட்டர் ஓடியது என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு எட்டு கிலோ மண். ஒரு மணி நேரத்துக்கு 29 டன். அது வெறும் 58 கன அடிக்கு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. களித்துகள் மணலைவிடச் சிறியது, அதனால் சுலபமாக அரிக்கப்படும் என்று தோன்றும். ஆனால் இறுகிய களியைப் பெயர்க்க மணலைப் பெயர்ப்பதைவிட அதிக வேகம் வேண்டும், துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால். ஒருமுறை பெயர்ந்துவிட்டால், ஓட்டம் கிட்டத்தட்ட நின்றாலும் அது படியாது. ஸ்வீடன் ஆய்வாளர் ஃபிலிப் யூல்ஸ்ட்ராம் 1935இல் வரைந்த வளைகோடு இதைத்தான் சொல்கிறது. அதனால் கரையில் மணல் அடுக்குக்கு மேல் களி அடுக்கு இருந்தால், வெள்ளம் முதலில் அடி மணலை உருவும். மேலே உள்ள களி கூரைபோல் நீட்டிக்கொண்டு நின்று, பிறகு மொத்தமாக விழும்.

கெலவரப்பள்ளி பக்கம் ஆற்றில் நுரை மலைபோல் போவதை வண்டல் என்றோ வெள்ளத்தின் அடையாளம் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மேலே இருந்து கலக்கும் கழிவின் வேலை. ஆனால் அந்தக் கழிவில் பல பொருட்கள் களித்துகளில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் போகின்றன. கலங்கலை அளக்கும் பழக்கம் அங்கேயும் உதவும்.

ஏழாம் படி: வளைவில் நில்லுங்கள்

டம்ளர் டீயில் கொஞ்சம் டீத்தூள் கிடக்கட்டும், ஸ்பூனால் சுழற்றிவிட்டு எடுங்கள். தூள் வெளிவட்டத்துக்குப் போகும் என்று நினைப்போம். அது நடு அடியில் வந்து குவியும். 1926இல் ஐன்ஸ்டைன் இதையே வைத்து ஆற்று வளைவுகளை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். வளைவில் மேல்தண்ணீர் வெளிக்கரையைப் பார்த்துத் தள்ளப்படுகிறது, அங்கே மோதிக் கீழே இறங்குகிறது, அடித்தண்ணீர் மணலை இழுத்துக்கொண்டு உட்கரைக்கு வருகிறது. அதனால் வெளிக்கரை செங்குத்தாக வெட்டப்பட்டு மடுவாகும். உட்கரையில் மணல் திட்டு வளரும். இந்தப் பக்கம் ஒருவர் நிலம் குறைய, அந்தப் பக்கம் இன்னொருவர் நிலம் நீள்கிற தகராறுக்கெல்லாம் மூலம் இதுதான்.

கரை எப்போது இடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இருமத்தூர் பக்கம் ஆற்றோரத் தோட்டக்காரர் ஒருவர் சொன்னது: "வெள்ளம் போறப்ப ஒண்ணும் ஆவலண்ணா. வடிஞ்ச மறுநாளுதான் ரெண்டு தென்னையும் ஆத்துல கெடக்குது." சரியாகச் சொன்னார். வெள்ளம் நிற்கும்வரை தண்ணீரே கரைக்கு முட்டுக்கொடுக்கிறது. ஆறு சட்டென்று வடிந்ததும் முட்டு போய்விடுகிறது. ஊறிய கரை மட்டும் கூடுதல் பாரத்தோடு, உள்ளிருந்து தண்ணீர் வெளியே தள்ள, தனியாக நிற்கிறது. கரை ஓரத்துக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால் அதற்கு ஆற்றுப் பக்கம் கால் வைக்காதீர்கள், மாட்டையும் கட்டாதீர்கள்.

எட்டாம் படி: அணைக்கு மேலும் கீழும்

அணைக்குள் நுழையும் ஆறு வேகத்தை இழந்ததும் சுமையை இறக்குகிறது. பருமணல் வாய்ப்பகுதியிலேயே நின்றுவிடும், களி மதகு வரை வரும். ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூர் நீர்த்தேக்கத்தின் வால் பகுதியில், நாகமரை, ஏரியூர் பக்கம், நீர்மட்டம் இறங்கும்போது இதைப் பார்க்கலாம். 1934இல் கட்டி முடித்த மேட்டூரில் 2017இல்தான் முதன்முறையாகத் தூர்வாரத் தொடங்கினார்கள். ஊர்த் தடுப்பணையில் இதே கதை மிகச் சீக்கிரம் நடக்கும். தடுப்பணைக்குப் பின்னால் ஒரு குழி தோண்டி அடுக்குகளைப் பாருங்கள். மணல், களி, மணல், களி என்று ஒவ்வொரு வெள்ளமும் தனித்தனியாகத் தெரியும்.

அணைக்குக் கீழே நேர் எதிர். சுமையை இறக்கிவிட்டுத் தெளிந்து வரும் தண்ணீருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கையில் மண் இல்லாததால் படுகையையும் கரையையும் அறுத்து எடுத்துக்கொள்கிறது. 1957இல் திறந்த கே.ஆர்.பி. அணை போன்ற எந்த அணைக்குக் கீழேயும், மணல் போய்ப் பாறை தெரிகிற இடங்களைத் தேடிப் பாருங்கள்.

இதோடு மணலையும் அள்ளினால்? முதல் படியில் பார்த்த அந்தப் பள்ளத்தின் தலைப்படி நினைவிருக்கட்டும். அள்ளிய குழியின் மேல்விளிம்பு அதே மாதிரி மேலாற்றைப் பார்த்து நகர்கிறது. வழியில் பாலம் இருந்தால் தூணின் அடித்தளம் வெளியே தெரியும். உங்கள் ஊர்ப் பாலத்தில் போய்ப் பாருங்கள். அப்புறம் கிணறு. ஒரு கிலோமீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனத்தில் மணல் இருந்தால், அதன் இடைவெளிகளில் கால்பங்கு தண்ணீர் என்று வைத்தாலும் 1.25 கோடி லிட்டர். மணல் போனால் இந்த ஒரு கோடி லிட்டர் தொட்டியும் போய்விட்டது. சட்டப்படி அள்ளினார்களா, திருட்டாக அள்ளினார்களா என்பது ஆற்றுக்குத் தெரியாது.

ஒகேனக்கல்லில் மட்டும்

இதுவரை சொன்னது மண்ணும் மணலும் உள்ள ஆறுகளுக்கு. ஒகேனக்கல்லில் காவிரி கெட்டிப் பாறையில் ஓடுகிறது. தண்ணீர் மட்டும் பாறையை அறுக்காது; அது சுமந்துவரும் மணலும் கல்லும்தான் அரம். பாறை விரிசலில் சிக்கிய கல் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று வட்டக் குழி போடும். அதன் அடியில் உருண்டைக் கல் இருந்தால், குழி போட்ட கருவி அதுதான். விரிசல் உள்ள இடத்தில் பாறை கட்டிகட்டியாகப் பெயர்வதும் உண்டு. அதுதான் அருவியை வேகமாகப் பின்வாங்க வைக்கிறது. அனுமதித்த இடத்திலிருந்து மட்டும் பாருங்கள். நீர்வரத்து கூடிப் பரிசலை நிறுத்தியிருந்தால் அந்த நாளில் இந்த ஆராய்ச்சி வேண்டாம்.

கடைசிப் படி: உங்கள் கரையைக் காப்பாற்ற

முதலில் உங்கள் கரை வளைவின் வெளிப்பக்கமா, உட்பக்கமா என்று பாருங்கள். உட்பக்கம் என்றால் பெரும்பாலும் எதுவும் செய்யத் தேவையில்லை. வெளிப்பக்கம் என்றால் காப்பாற்ற வேண்டியது கரையின் உச்சியை அல்ல, அடியை. அடி உருவப்பட்டால் மேலே எதைக் கட்டினாலும் விழும். நாலாம் படியில் போட்ட 13 கணக்கில் வரும் அளவைப்போல இரண்டு மடங்கு பெரிய கல்லை அடியில் அடுக்குங்கள். வளைவில் வேகம் கூடுதல் என்பதால்தான் இந்த இரட்டிப்பு. செங்குத்துக் கரையைச் சரித்து, ஒரு பங்கு உயரத்துக்கு இரண்டு பங்கு சாய்வு வரும்படி செய்யுங்கள். சாய்வில் வெட்டிவேரும் நொச்சியும், மேலே புங்கனும் மூங்கிலும் நல்லது. தென்னையைக் கரை விளிம்பில் வைப்பது வீண். வேர் கரையின் அடிவரை போய்ப் பிடிக்காது, பாரம் மட்டும் ஏறும்.

நேராக ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சுவரின் இரண்டு முனையும் கரைக்குள் நன்றாகப் புதைந்திருக்காவிட்டால், தண்ணீர் முனையைச் சுற்றிவந்து பின்னால் அறுக்கும். புதைத்தாலும், மோதித் திரும்பிய வேகம் எதிர்க்கரைக்காரரின் நிலத்துக்குப் போகும். அதோடு ஆறு புறம்போக்கு, அதில் எது கட்டுவதானாலும் நீர்வளத்துறையிடம் அனுமதி வேண்டும்.

எதையும் செய்வதற்கு முன் இரண்டு வருஷமாவது அளங்கள். கரை விளிம்பிலிருந்து பத்து மீட்டர் உள்ளே, வரப்பில் மூன்று இரும்புக் கம்பிகளை இருபது மீட்டர் இடைவெளியில் அடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் விளிம்புவரை ஆடிப்பெருக்குக்கு முன் ஒருமுறை, தை பிறந்தபின் ஒருமுறை டேப் பிடியுங்கள். கம்பி காணாமல் போகலாம். அதனால் கிணற்றுச் சுவரிலிருந்தோ பழைய பனையிலிருந்தோ ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள தூரத்தையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும் அந்த வருஷத்து வெள்ளக் கோட்டின் உயரமும் போட்டு வையுங்கள்.